எஸ்.ஐ. மூட்டு வலி: கையால் செய்யும் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுக்கு வலிக்காகப் பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ போனால், படுக்க வைத்துக் காலை மடக்குவார்கள், இடுப்பை அமுக்குவார்கள், நிற்க வைத்து முதுகுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்ப்பார்கள். முடிவில் சிலர் "எஸ்.ஐ. மூட்டிலிருந்து வலி வருகிறது" என்பார்கள், சிலர் "இடுப்பெலும்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது" என்பார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவதைக் கையால் சோதித்து ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கையால் சொல்வது பெரும்பாலும் ஊகம். நோயாளிகளும் பிசியோதெரபி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

எஸ்.ஐ. மூட்டு எங்கே இருக்கிறது?

முதுகெலும்பின் அடியில் முக்கோண வடிவில் திருவெலும்பு இருக்கிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேரும் இடம்தான் சாக்ரோஇலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. பின்பக்கம் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பலருக்கு இரு பக்கமும் சிறு குழி தெரியும். மூட்டு அந்தப் பகுதியில்தான், ஆனால் ஆழத்தில், தடித்த தசைநார்களுக்கு அடியில் இருக்கிறது. முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இதை விரலால் தொட முடியாது.

அந்த மூட்டு அசையுமா, அசையாதா?

அசையும், மிகக் கொஞ்சமாக. 1989இல் ஸ்வீடனில் ஸ்டூரெசன் என்ற அறுவை மருத்துவரும் சகாக்களும் 25 நோயாளிகளின் எலும்புகளில் டான்டலம் என்ற உலோகத்தாலான நுண்மணிகளைப் பதித்து, பல நிலைகளில் எக்ஸ்ரே எடுத்து, மணிகளின் இடமாற்றத்தை அளந்தார்கள். சராசரி சுழற்சி சுமார் 2.5 டிகிரி, சராசரி நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வலியுள்ள பக்கத்துக்கும் வலியில்லாத பக்கத்துக்கும் அசைவில் வேறுபாடு கிடைக்கவில்லை.

இந்தக் கடைசித் தகவலைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தோல், கொழுப்பு, தசை, தசைநார் எல்லாவற்றையும் தாண்டி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவை விரல் உணர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். உணர்ந்த பிறகும் அது எந்தப் பக்கம் நோய் என்று சொல்லித் தராது.

கையால் செய்யும் சோதனைகள் எல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. எலும்பு முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பவை ஒரு வகை. மூட்டு அசைகிறதா, இறுகியிருக்கிறதா என்று விரலால் உணர முயல்பவை இன்னொரு வகை. மூட்டுக்கு அழுத்தம் கொடுத்து, நோயாளியின் வழக்கமான வலி எழுகிறதா என்று கேட்பவை மூன்றாவது வகை.

முதல் இரண்டிலும் பதில் சொல்வது பரிசோதிப்பவரின் கண்ணும் விரலும். மூன்றாவதில் பதில் சொல்வது நோயாளி.

ஒருவர் வலது பக்கம் இறுகியிருக்கிறது என்றார். இன்னொருவர் இடது பக்கம் என்றார். யார் சொன்னது சரி?

அவர்கள் செய்தது என்ன என்று முதலில் பார்ப்போம். உங்களை நிற்க வைத்து, பின்பக்கக் குழியின் அருகில் உள்ள எலும்பு முனையில் ஒரு கட்டைவிரலையும் திருவெலும்பின் நடுவில் மற்றொரு கட்டைவிரலையும் வைப்பார்கள். முழங்காலை மார்பு நோக்கித் தூக்கச் சொல்வார்கள். முதல் கட்டைவிரல் கீழே இறங்கினால் மூட்டு சரியாக அசைகிறது. இறங்காவிட்டால் இறுகியிருக்கிறது என்று முடிவு செய்வார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்) ஜில்லேயின் பெயரால் அறியப்படும் சோதனை இது. சொல்லக் கேட்டால் நியாயமாகவே தோன்றும்.

ஆனால் ஒரு காலில் நிற்கும்போது மொத்த இடுப்பும் சாய்கிறது, முதுகு வளைகிறது, தோல் எலும்பின்மேல் வழுக்குகிறது, தசை திரண்டு விரலைத் தள்ளுகிறது. கட்டைவிரல் நகர்வது உண்மைதான். எதனால் நகர்ந்தது என்று விரலுக்குத் தெரியாது. ஸ்டூரெசன் குழு இதே அசைவை 2000இல் மணிகள் பதித்து அளந்து, இந்தச் சோதனை மூட்டின் அசைவைக் காட்டும் என்று கொள்ள முடியாது என்ற முடிவுக்கு வந்தது.

ஆகவே இருவருமே தவறாகச் சொல்லியிருக்கலாம். 1985இல் பாட்டர், ராத்ஸ்டீன் என்ற இருவர் 13 சோதனைகளை எடுத்துக்கொண்டு, ஒரே நோயாளியை வெவ்வேறு பிசியோதெரபிஸ்டுகள் பரிசோதித்தால் ஒரே விடை வருகிறதா என்று பார்த்தார்கள். 11 சோதனைகளில் ஒத்த விடை 70 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தேறிய இரண்டும் நோயாளியின் வலியைக் கேட்டு முடிவு செய்பவை. வெறும் 17 நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்று தள்ளிவிடலாம் என்றால், பின்னர் வந்தவையும் அதையேதான் சொல்லின.

"ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது, நான்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்" என்று வகுப்பறைகளில் சொல்வதுண்டு. ரிடில், ஃப்ரீபர்கர் இருவரும் 2002இல் அதையும் பார்த்துவிட்டார்கள். 34 பிசியோதெரபிஸ்டுகள், 65 நோயாளிகள். நிலையையும் அசைவையும் பார்க்கும் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஒப்புமை மிகக் குறைவாகவே இருந்தது. ஆட்டம் காணும் சோதனைகளை ஒன்றாகக் கூட்டினால் உறுதி வந்துவிடாது.

வலியே இல்லாதவர்களைப் பரிசோதித்தால் என்ன வரும்?

அதையும் செய்திருக்கிறார்கள். டிரைஃபஸ் குழு 1994இல் வலியில்லாத நூறு பேர் அளவில் எடுத்து, நின்று குனிதல், உட்கார்ந்து குனிதல், ஜில்லே ஆகிய மூன்றையும் செய்து பார்த்தது. ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சோதனையில் 'கோளாறு' தெரிந்தது. அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை!

இரண்டு பேர் 76 சதவீதம் ஒத்துப்போனால் நல்லதுதானே? கப்பா என்று எதையோ சொல்கிறார்களே, அது எதற்கு?

மாணவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இரண்டு பரிசோதகர்கள், 100 நோயாளிகள். இருவருக்குமே பத்தில் எட்டுப் பேருக்குப் 'பாசிட்டிவ்' என்று சொல்லும் பழக்கம். இருவரும் நோயாளியைப் பார்க்காமலே சீட்டுக் குலுக்கிச் சொன்னாலும், 64 பேருக்கு இருவரும் பாசிட்டிவ் என்பார்கள். 4 பேருக்கு இருவரும் நெகட்டிவ் என்பார்கள். ஆக, ஒன்றும் செய்யாமலே 68 சதவீத ஒப்புமை. உண்மையில் பரிசோதித்து 76 சதவீதம் ஒத்துப்போனார்கள் என்றால், தற்செயலைத் தாண்டி அவர்கள் சம்பாதித்தது 8. சம்பாதித்திருக்கக்கூடியது 32. எட்டை முப்பத்திரண்டால் வகுத்தால் 0.25. அதுதான் கப்பா. 1960இல் கோஹன் கொடுத்த அளவீடு.

1977இல் லாண்டிஸ், காக் இருவரும் கொடுத்த அளவுகோலின்படி 0.20 வரை சொற்பம், 0.40 வரை சுமார், 0.60 வரை நடுத்தரம், 0.80 வரை நல்ல ஒப்புமை. மேலே சொன்ன 2002 ஆய்வில் கிடைத்தவை 0.11 முதல் 0.23 வரை. இந்த எல்லைக்கோடுகள் சற்றே தன்னிச்சையானவை என்பது உண்மை. அதற்காக 0.11ஐ யாரும் நல்ல எண்ணாக ஆக்கிவிட முடியாது.

இடுப்பு விலகியிருக்கிறது என்று சொல்லி ஒரே சொடுக்கில் சரிசெய்தார். வலியும் போய்விட்டது. அப்படியானால் விலகியிருந்தது உண்மைதானே?

வலி குறைந்தது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. எலும்பு இடம் மாறியது என்பதற்குத்தான் அது சாட்சி ஆகாது.

இந்தக் கேள்விக்கு நேரடியான விடை 1998இல் வந்தது. டுல்பர்க் குழு, எஸ்.ஐ. மூட்டுக் கோளாறு இருப்பதாகக் கருதப்பட்ட 10 பேரின் எலும்புகளில் அதே நுண்மணி முறையைப் பயன்படுத்தி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தது. சிகிச்சைக்கு முன் கையால் பார்த்தபோது மூட்டின் நிலை சரியில்லை என்று வந்தது. சொடுக்கு எடுத்த பிறகு, பெரும்பாலான சோதனைகள் சரியாகிவிட்டதாகக் காட்டின. எக்ஸ்ரே அளவீட்டில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட மூட்டின் நிலை மாறியிருக்கவில்லை. எலும்பு இருந்த இடத்திலேயே இருக்க, சோதனையின் விடை மட்டும் மாறியிருக்கிறது! இந்தத் துறையில் இதைவிடச் சுவையான ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் வலி எப்படிக் குறைந்தது? தசையின் இறுக்கம் தளர்வது, நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் சற்று நேரத்துக்கு மாறுவது, நம்பிக்கை, தானாகவே குறையும் காலம் என்று பல காரணங்கள் இருக்கலாம். சிகிச்சை பலன் தந்தால் நல்லதுதான். ஆனால் "எலும்பு விலகியிருக்கிறது" என்ற விளக்கம் நோயாளியின் மனத்தில் தங்கிவிடுகிறது. குனியப் பயம், குழந்தையைத் தூக்கப் பயம், மாதாமாதம் 'ஏற்றிவிட' ஓடுவது என்று அது நீள்கிறது. பலருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை அந்த வாக்கியம்தான். மனிதரின் இடுப்பெலும்பு இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருப்பதுமில்லை. சிறு ஏற்றத்தாழ்வு பிறவியிலேயே இருக்கலாம்.

சரி, நம்பக்கூடிய சோதனைகள் எவை? எப்படிச் செய்வார்கள்?

வலியை எழுப்பிப் பார்க்கும் சோதனைகள். அவற்றில் தொடையைத் தள்ளும் சோதனையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மல்லாந்து படுக்க வேண்டும். வலியுள்ள பக்கத்துத் தொடையைச் செங்குத்தாக வரும்வரை மடக்கி நிறுத்துவார்கள். பரிசோதிப்பவர் ஒரு கையைத் திருவெலும்புக்கு அடியில் தட்டுபோல வைப்பார். மறு கையாலும் தன் உடல் எடையாலும் முழங்காலின் வழியாகத் தொடை எலும்பின் நீளவாக்கில் நேர் கீழாக அழுத்துவார். குத்துவதுபோல் அல்ல, மெல்லக் கூட்டிக்கொண்டே போவார். தொடை உள்பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் தொடை மூட்டு இடையில் புகுந்து குழப்பும். பிறகு கேள்வி: "நீங்கள் சொல்லிக்கொண்டு வந்த அதே வலியா, வேறு வலியா?"

பலர் சறுக்குவது இந்தக் கேள்வியில்தான். "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், இவ்வளவு அழுத்தினால் யாருக்கும் ஏதாவது வலிக்கும். அதே வலி, அதே இடம் என்று வந்தால்தான் பாசிட்டிவ்.

மற்றவை: மல்லாந்த நிலையில் இடுப்பின் முன்முனைகள் இரண்டையும் வெளிப்பக்கமாகத் தள்ளும் டிஸ்ட்ராக்‌ஷன், ஒருக்களித்துப் படுக்க வைத்து மேலிருந்து அமுக்கும் கம்ப்ரெஷன், ஒரு காலை மார்போடு அணைத்து மறு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும் கேன்ஸ்லன், குப்புறப் படுக்க வைத்துத் திருவெலும்பை அழுத்தும் சேக்ரல் த்ரஸ்ட். லாஸ்லெட், வில்லியம்ஸ் இருவரும் 1994இல் 51 நோயாளிகளிடம் பார்த்தபோது தொடையைத் தள்ளும் சோதனைக்குக் கப்பா 0.88 வந்தது. சேக்ரல் த்ரஸ்டுக்கு 0.52தான். பரிசோதகர்களுக்கு ஒரே முறையில் பயிற்சி கொடுத்துச் செய்த ஆய்வு அது. ஊருக்கு ஊர் அழுத்தும் பலம் மாறும் அன்றாடச் சூழலில் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டு பேர் ஒரே விடை சொன்னால் அது சரியான விடை ஆகிவிடுமா?

ஆகாது. இருவரும் சேர்ந்தே தவறலாம். விடை சரியா என்று பார்க்க வேறொரு அளவுகோல் வேண்டும். இங்கே அது, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி வலி அடங்குகிறதா என்று பார்ப்பது.

லாஸ்லெட் குழு 2005இல் 48 நோயாளிகளிடம் ஆறு வலி எழுப்பும் சோதனைகளையும் (கேன்ஸ்லனை இரு பக்கமும் செய்து இரண்டாக எண்ணினார்கள்) செய்து, ஊசியின் விடையோடு ஒப்பிட்டது. மூன்று அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ் என்றால், உண்மையில் மூட்டு வலி உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 78 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் வான் டெர் வுர்ஃப் குழு ஐந்து சோதனைகளை வைத்துச் செய்த ஆய்விலும் 85, 79 என்று கிட்டத்தட்ட அதே பாங்கு வந்தது.

இந்த எண்களை நம் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கொண்டுவருவோம். நாள்பட்ட குறுக்கு வலியோடு 100 பேர் வருகிறார்கள். ஊசி ஆய்வுகளின்படி அதில் 15 முதல் 30 பேருக்கு எஸ்.ஐ. மூட்டே காரணமாக இருக்கலாம். 20 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாசிட்டிவ் விதி அந்த 20இல் 19 பேரைப் பிடிக்கும். மீதி 80 பேரில் சுமார் 18 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, பாசிட்டிவ் என்று வந்தால் உண்மையா பொய்யா என்பது ஏறக்குறைய சரிபாதி. நெகட்டிவ் என்று வந்த 63 பேரில் தவறவிட்டது ஒருவரைத்தான்.

அதாவது, இந்தச் சோதனைகள் "எஸ்.ஐ. மூட்டு இல்லை" என்று சொல்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. "ஆம்" என்று சொல்லும்போது சந்தேகத்தோடு கேட்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பயன்படுத்துகிறோம்: ஒரு சோதனை பாசிட்டிவ் ஆனதும் கையைத் தட்டிவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

பாசிட்டிவ் விடையின் பலத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. முதலில் முதுகைத் திரும்பத் திரும்ப ஒரே திசையில் வளைக்கச் சொல்லி, காலில் உள்ள வலி மேலேறி முதுகின் நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பது. அப்படி வந்தால் வலி முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டிலிருந்து (டிஸ்க்) வருவதற்கு வாய்ப்பு அதிகம். அத்தகையோரை முதலிலேயே விலக்கிவிட்டால் தவறான பாசிட்டிவ் குறைவதை அதே லாஸ்லெட் 2003இல் காட்டியிருக்கிறார்.

ஊசிச் சோதனை தவறவே தவறாதா?

தவறும். மருந்து மூட்டிலிருந்து கசிந்து பக்கத்து நரம்பை மரக்க வைக்கலாம். மூட்டுக்குப் பின்னாலுள்ள தசைநார்களில் வலி இருந்தால் உள்ளே போட்ட மருந்து அதைத் தொடாமலும் போகலாம். எத்தனை சதவீதம் வலி குறைந்தால் பாசிட்டிவ் என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. அளவுகோலே சற்று வளைந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்தே மேலே உள்ள எண்களைப் படிக்க வேண்டும்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்வது ஏன்?

பின்பக்கக் குழிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக ஒரே இடத்தை நோயாளி மீண்டும் மீண்டும் காட்டினால் எஸ்.ஐ. மூட்டை நினைக்கலாம். ஃபார்ட்டின் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. தனியாக எதையும் நிரூபிக்காது, ஆனால் காசு செலவில்லாத தடயம். வலி இடுப்பு வரிக்கு மேலேயே நின்றால் எஸ்.ஐ. மூட்டின் வாய்ப்பு குறைவு.

கர்ப்பகாலத்தில் இந்தச் சோதனைகள் செய்யலாமா?

செய்யலாம், மெல்ல. கர்ப்பிணிகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு இடுப்பெலும்பு வளையத்தில் வலி வருவதாக 2008இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. தொடையைத் தள்ளும் சோதனையையும் காலை நேராகத் தூக்கும் சோதனையையும் அது பரிந்துரைக்கிறது. இரண்டாவது எளிது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 5 வரை நோயாளியே எண் சொல்வார். பரிசோதிப்பவர் இடுப்பை இரு பக்கமும் கையால் அணைத்துப் பிடிக்கும்போது கால் லேசாகத் தூக்க வந்தால், இடுப்புப் பட்டை உதவக்கூடும் என்ற குறிப்பும் கிடைக்கிறது. அதிக நேரம் மல்லாந்து படுக்க வைக்கக் கூடாது, குறிப்பாகக் கடைசி மாதங்களில்.

இவ்வளவு எதற்கு? நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?

அழுத்தத்தாலும் அசைவாலும் வரும் சாதாரண எஸ்.ஐ. மூட்டு வலியில் படம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. படத்தில் தேய்மானம் தெரிந்தாலும் அது வயதின் அடையாளமாக மட்டும் இருக்கலாம்.

ஆனால் ஒரு கூட்டத்தாருக்குப் படம் மிக அவசியம். நாற்பது வயதுக்குள் தொடங்கிய வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, பின்னிரவில் தூக்கத்தைக் கலைப்பது. இவை முதுகெலும்பு வாதத்தின் குறிகள். இங்கே கைச்சோதனை நெகட்டிவ் என்று அனுப்பிவிடக் கூடாது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்; எம்.ஆர்.ஐ.யில் முன்னதாகவே அழற்சி தெரியும். ஹெச்.எல்.ஏ. பி27 இரத்தப் பரிசோதனையும் உதவும். வாதநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டியவர்களை ஆண்டுக்கணக்கில் மசாஜில் வைத்திருப்பது நம் ஊரில் அரிதல்ல.

யாருக்கு இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது?

விழுந்தவர்கள், எலும்பு மெலிந்த முதியவர்கள் (விழாமலே திருவெலும்பில் கீறல் விழுந்திருக்கலாம்), புற்றுநோய் வந்தவர்கள், காய்ச்சலோடும் எடை குறைவோடும் வலி உள்ளவர்கள். காசநோய் இந்த மூட்டையும் தாக்கும் என்பதை நம் நாட்டில் மறக்கக் கூடாது. சிறுநீர் அடைப்பும் பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவதும் இருந்தால் பரிசோதனைக் கட்டிலே வேண்டாம், நேராக மருத்துவமனை.

நான் பிசியோதெரபி மாணவன். செய்முறைத் தேர்வில் ஜில்லே சோதனையைத்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?

தேர்வில் கேட்டால் செய்து காட்டுங்கள், மதிப்பெண் முக்கியம். நோயாளியிடம் அதை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

நோயாளிக் குறிப்பில் "வலது எஸ்.ஐ. மூட்டுக் கோளாறு" என்று ஒற்றை வரி எழுதுவதைவிட, இப்படி எழுதலாம்: "ஒரு விரலால் வலது குழிக்குக் கீழே காட்டுகிறார். முதுகை வளைத்ததில் வலி இடம் மாறவில்லை. தொடைத் தள்ளல், கம்ப்ரெஷன், கேன்ஸ்லன் மூன்றிலும் அதே வலி. டிஸ்ட்ராக்‌ஷன், சேக்ரல் த்ரஸ்ட் இரண்டிலும் அந்த வலி இல்லை. தொடை மூட்டு அசைவு முழுமை, இடுப்புக்கு முன்பக்கம் வலி இல்லை. காலை விறைப்பு பத்து நிமிடம்." அடுத்து பார்ப்பவர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்து ஒப்பிட்டுக்கொள்ள இது போதும். நோயாளியிடம், "வலி இந்த மூட்டிலிருந்து வர வாய்ப்பு இருக்கிறது, உறுதியில்லை; நான்கு வாரம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு மறுபடியும் பரிசோதிப்போம்" என்று சொல்லுங்கள்.